நாலு விரற்கடை மரணம்

— இந்தத் தலைப்பைப் போட முடியாதும்மா. நான் இந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் முடியாது.

— ஏன் சார்? இந்த வாரம் முதல் பக்கம் உனக்குன்னு நீங்கதானே வாக்குக் குடுத்தீங்க?

— குடுத்தேன். புது நிருபர், ரோட்டுல பள்ளம், குழாயில தண்ணி வரலைன்னு ஏதாவது எழுதுவேன்னு நினைச்சுக் குடுத்தேன். நீ இருபத்தஞ்சு வருஷத்துப் பிணத்தைத் தூக்கிட்டு வந்து மேஜையில வைக்கிற.

— பிணம்தான் கிடைக்கவே இல்லையே சார். அதுதானே இந்த ஊரு மர்மமே.

— சரி, விடு. நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகணும். இன்னும் அரை மணி நேரம்கூட இல்ல. பேசாம அந்த மார்க்கெட் கூரைச் செய்தியை மேல ஏத்து. உங்கப்பா வேற, ஊருக்குப் போகணும்னு கீழ காத்துட்டு நிக்கிறார். பாவம், வெயில்ல.

— நிக்கட்டும் சார். அவரு காத்திருந்து பழகினவர்.

— மேலயாவது வரச் சொல்லேன்.

— வேலை முடியட்டும். அதோ, படியில சத்தம் கேக்குது. ஃபிளாஷ் அண்ணேதான். நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன்.

— அவனையா? அடி மகராசி, என்ன காரியம் பண்ணின!

— வணக்கம் வாத்தியாரே! சத்தியமா சொல்றேன், உங்க ஆபீஸ் படிக்கட்டு ஒரு நாள் என் உயிரை வாங்கப் போகுது. என்ன பாப்பா, முதல் பக்கத்துல என்னைப் பத்தி வருதாமே? ஸ்டுடியோவை அப்படியே பூட்டிட்டு ஓடி வந்தேன். ஊரையே நான் படம் எடுத்தேன், என் படத்தை ஒரு பய போட்டதில்ல. எந்தப் படம் போடற? தாடி வச்சதா, வைக்காததா?

— தாடி வச்சது அண்ணே. அதுலதான் கொலைகாரர் மாதிரி இருக்கீங்க.

— ஹஹ்ஹா! ...என்னது?

— உட்காரு ஃபிளாஷு. அந்தத் தண்ணியைக் குடி.

— வாத்தியாரே, இது என்னமோ சொல்லுதே?

— முதல்ல குடின்னேன்.

— படிச்சே காட்டறேன் அண்ணே. ‘பழைய பாலத்து மரணம்: இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் துப்பு துலங்கியது. இறந்தவரின் குடை புகைப்பட நிலையத்தில்!’

— குடையா? எந்தக் குடை?

— கிளி மூக்குப் பிடி வச்ச கறுப்புக் குடை. குழந்தைங்க அழுதா கையில குடுத்துப் படம் எடுப்பீங்களே, அது.

— அட, அது யாரோ மறந்து விட்டுட்டுப் போனது! சத்தியமா! பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்த ஒரு ஆளு. ஆறு காப்பி கேட்டாரு, நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்னாரு. ஆளு வரவே இல்ல. குடையையும் கேக்கல, படத்தையும் கேக்கல. ஆறு காப்பியும் இன்னும் கவருக்குள்ள தூங்குது.

— தெரியும். போன வாரம் நீங்கதானே அந்தப் பழைய கவரெல்லாம் பார்க்க விட்டீங்க. கவர் மேல தேதி இருக்கு. நம்ம பத்திரிகையில பாலத்துச் செய்தி வந்ததுக்கு முதல் நாள்.

— அதுக்கு?

— அந்தச் செய்தியையும் கேளுங்க. ‘பழைய பாலத்தின் அடியில் நேற்று மாலை அடையாளம் தெரியாத ஒருவர் மர்மமான முறையில் இறந்து கிடந்தார். வயது முப்பது இருக்கலாம். கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார். வலது கையில் கைக்கடிகாரம். அருகில் கிளி மூக்குப் பிடி வைத்த குடை ஒன்று கிடந்தது. காவலர்கள் வருவதற்குள் ஆற்றில் வெள்ளம் வந்து, உடலையும் குடையையும் அடித்துச் சென்றுவிட்டது.’ வெள்ளத்துல போன குடை உங்க ஸ்டுடியோவுக்கு எப்படி அண்ணே வந்துச்சு? நீந்தியா?

— வாத்தியாரே! நீங்க சொல்லுங்க! ஒரு ஈ அடிச்சாக்கூட ரெண்டு நாள் மனசு கேக்காது எனக்கு! இவ எழுதினது அச்சாச்சுன்னா என் கதி? என் மருமகன் இருக்கானே, அவன் வேற எதையும் படிக்க மாட்டான், இந்தப் பேப்பரை மட்டும் விளம்பரம் விடாம படிப்பான். மகளைக் கூட்டிட்டு வரவே மாட்டான் வீட்டுக்கு!

— சரி, விடு. அழாதே. பேப்பர்ல வராது.

— ஏன் சார் வராது? வாசல் போர்டுல என்ன எழுதியிருக்கு? ‘பொய் எழுதாத பத்திரிகை’. நான் எழுதினதுல ஒரு வரி பொய்யின்னு காட்டுங்க, இப்பவே கிழிச்சுப் போடறேன்.

— உன் செய்தி பொய்யில்ல. அதுக்கு அடியில இருக்கே, பழைய செய்தி... அதுதான்...

— அதுதான்?

— ஃபிளாஷு, அந்தக் கதவைச் சாத்து.

— சாத்திட்டேன் வாத்தியாரே. உங்க முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?

— அப்பல்லாம் ஈய எழுத்துக் கோத்து அச்சடிச்ச காலம். எழுத்துக் கோக்கிறவரு ரெண்டு கையையும் இடுப்புல வச்சுட்டு இதே இடத்துல நின்னாரு. பம்புசெட் கடைக்காரன் கடைசி நேரத்துல விளம்பரம் வேண்டாம்னுட்டான். மூணாம் பக்கத்துல நாலு விரற்கடை இடம் மொட்டையா நிக்குது. பத்து நிமிஷத்துல ஏதாவது குடுங்கன்னாரு.

— வழக்கமா அந்த மாதிரி இடத்துக்கு என்ன போடுவீங்க சார்?

— எலுமிச்சம்பழத்தின் நன்மைகள்.

— அதைப் போட்டிருக்கலாமே?

— ஏற்கனவே மூணு வாரம் தொடர்ந்து போட்டாச்சு. எலுமிச்சம்பழத்துக்கும் ஆசிரியருக்கும் என்ன உறவுன்னு கேட்டு வாசகர் ஒருத்தர் கடிதமே எழுதிட்டாரு.

— அதனால?

— அதனால ஒரு ஆளைச் சாகடிச்சேன்.

— ஐயோ! வாத்தியாரே!

— டேய், பேனாவாலடா! எப்படிப்பட்ட ஆளுன்னு எழுதறதுன்னு தெரியல. இந்த ஜன்னல் வழியா கீழ பார்த்தேன். டீக்கடையில வெளியூர் ஆளு ஒருத்தன் நின்னான். கட்டம் போட்ட சட்டை, வலது கையில வாட்ச், கக்கத்துல அந்தக் குடை. டம்ளரைக் கையில வச்சுட்டே நிக்கிறான், குடிக்கவே மாட்டேங்கிறான். அவனைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். பிணம் எங்கேன்னு கேப்பாங்களேன்னு வெள்ளத்தை வரவச்சேன்.

— அப்ப அந்த ஆளு டீயைக் குடிச்சுட்டு நேரா என் ஸ்டுடியோவுக்கு வந்திருக்காரு! செத்தவரையா நான் ‘சிரிங்க, சிரிங்க’ன்னு படம் எடுத்தேன்? ஏன் வாத்தியாரே, இத்தனை வருஷம் அந்தக் குடை என் கடையில தொங்குதே, உங்களுக்குத் தோணலையா?

— உன் கடைக்குள்ள நான் எப்பப்பா வந்தேன்? படம் எடுத்தா ஆயுசு குறையும்னு நம்புற ஆளு நான்.

— போலீஸ் கேஸ் போட்டுச்சே சார். அதுக்கு?

— நம்ம செய்தியைப் படிச்சுட்டு ஏட்டையா வந்தாரு. வழிப்போக்கர் சொன்னாருன்னு சொன்னேன். அவரு ஃபைலைத் திறந்துட்டாரு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வச்சுட்டு உண்மையைச் சொல்றது?

— அந்த ஃபைலைப் பார்த்தேன் சார். உள்ள நம்ம செய்தியும் ஒரு டீக்கறையும்தான் இருக்கு. ஆனா வருஷா வருஷம் ‘பாலத்து மர்மம் நீடிக்கிறது’ன்னு நீங்களே எழுதினீங்களே?

— ஒரு வருஷம் எழுதாம விட்டேன். எங்க பாலத்து ஆள் எங்கேன்னு பதினேழு கடிதம் வந்துச்சு. நான் கஷ்டப்பட்டு எழுதின எதுக்கும் அத்தனை கடிதம் வந்ததில்லம்மா.

— வேற கடிதம் எதுவும் வரலையா சார்?

— மணியைப் பாரும்மா, பக்கம் போகணும்.

— கேக்கறேன்ல?

— வந்துச்சு. ஒண்ணு. இந்த மேல் டிராயர்லதான் இருக்கு. கிழிச்சுப் போடவும் முடியல, வெளிய எடுக்கவும் முடியல.

— படிங்க.

— ‘ஐயா, சோப்பு சுற்றி வந்த காகிதத்தில் உங்கள் செய்தியைப் பார்த்தேன். என் கணவர் வேலை தேடிப் போய் ஒன்பது நாளாகிறது. அந்தக் குடை நான் வாங்கிக் கொடுத்தது. ஒன்றே ஒன்று மட்டும் எழுதுங்கள். சட்டையில் மூன்றாவது பொத்தான் வேறு நிறமா? அது நான் தைத்தது. வேறு நிறம் என்றால்...’

— ‘வேறு நிறம் என்றால் அவர்தான். இல்லையென்றால் நான் காத்திருப்பேன்.’

— காகிதம் என் கையில இருக்கு. அடுத்த வரி உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

— பதில் போட்டீங்களா சார்?

— மாடியிலேருந்து பொத்தான் நிறம் தெரியல.

— பதில் போட்டீங்களான்னு கேட்டேன்.

— போடல. நாலு தடவை எழுதினேன். ‘அப்படி யாரும் சாகலை, நான் சும்மா எழுதினேன்’னு எழுதினா, பத்திரிகையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளினேன். ஒரு வரிகூட அனுப்பாம விட்டுட்டேன். அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு இன்னி வரைக்கும் தெரியாது.

— வாத்தியாரே, சத்தியமா சொல்றேன், என் மேல கொலைப்பழி வந்தப்பக்கூட இவ்வளவு வருத்தமா இல்ல.

— சார், மணி மூணே முக்கால். முதல் பக்கத்துல உங்க செய்தி வருதா, என் செய்தி வருதா?

— எழுதிக்க.

— சொல்லுங்க.

— ‘திருத்தம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தப் பத்திரிகையில் வெளியான பாலத்து மரணம் நடக்கவே இல்லை. இடத்தை நிரப்புவதற்காக ஆசிரியராகிய நான் அதை எழுதினேன். எந்தப் புகைப்படக்காரரும் யாரையும் கொல்லவில்லை.’

— ‘நல்லவர், நாணயமானவர்’னு ரெண்டு வார்த்தை சேருங்க வாத்தியாரே. மருமகன் படிப்பான்.

— இடமில்லடா. ‘சட்டைப் பொத்தான் பற்றிக் கேட்டு எழுதிய பெண்மணிக்கு: அம்மா, உங்கள் கணவர் அங்கே இறக்கவில்லை. அன்றே எழுதியிருக்க வேண்டும். என்னை மன்னியுங்கள்.’ அவ்வளவுதான். கீழ என் பேரைப் பெருசாவே போடு.

— போட்டாச்சு. எவ்வளவு இடம் வருது தெரியுமா சார்? நாலு விரற்கடை.

— சிரிக்காதே. வாசல் போர்டைக் கழட்ட ஆளு வரச் சொல்லணும். இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு இதை யாரு படிக்கப் போறா? அந்த அம்மா எந்த ஊருல இருக்காங்களோ.

— அச்சுக்கு அனுப்பிட்டேன். ஃபிளாஷ் அண்ணே, அந்த ஜன்னல் பக்கம் நிக்கறீங்களே, கீழ எங்கப்பா என்ன பண்றாரு, பாருங்க.

— டம்ளரைக் கையில வச்சுட்டே நிக்கிறாரு பாப்பா. குடிக்கவே மாட்டேங்கிறாரே?

— அவருக்கு ஆறினாத்தான் இறங்கும். கொஞ்சம் தள்ளுங்க. அப்பா! இங்க, மேல பாருங்க! அந்த டீயைக் குடிச்சுட்டு வாங்க! உங்களைக் கொன்னவரு கிடைச்சுட்டாரு!