தலைக்கு வார்த்த வெள்ளிக்கிழமை

தேங்காய் வாங்கும்போது எல்லோரும் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். மனிதத் தலையும் ஏறத்தாழ அப்படித்தான் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் எனக்குச் சொன்னார். மூளை மண்டையோட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, நீரில் மிதக்கிறது. ஓடு சட்டென்று நின்றால் மூளை நிற்காது. போய் உட்சுவரில் மோதும். வெளியே ஒரு வீக்கம்தான் தெரியும். உள்ளே கலங்கியது தெளிய மாதக்கணக்காகும்.

இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை ஐயா. அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். வெளிச்சம் ஏன் வலிக்கிறது, குனிந்தால் ஏன் குமட்டுகிறது, அடிபட்ட நாளின் ஞாபகம் மட்டும் ஏன் அழிகிறது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். கடைசியில், “தெளியும் வரைக்கும் இன்னொரு அடி படாமப் பாத்துக்கொள்ளுங்க. ரெண்டாவது அடி பெரிசா இருக்கவேணுமெண்டில்ல” என்றார்.

அடிபட்டவன் றாஸிக், என் மனைவி முஸ்பிறாவின் தம்பி. அவளை ராத்தா என்றுதான் கூப்பிடுவான். கொத்தனார் வேலை செய்பவன். மருதமுனையில் நாங்கள் குடியிருந்த வீட்டை அவன்தான் கட்டினான். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பவன். ஆகவே என் பெயரில் இருந்தது வீட்டின் பின்னால் இருந்த தகரக் கொட்டில் மட்டும்தான். அங்கே நான் வயல்காரரின் நீர்ப்பம்பிகளையும் கை உழவு இயந்திரங்களையும் திருத்திக்கொண்டிருந்தேன்.

அடிபட்ட அன்று பகல் அவன் கொட்டிலுக்குள் வந்து நின்றான்.

“ராத்தாட கையில என்ன சூடு, மச்சான்?”

“இடியப்பம் அவிக்கக்குள்ள ஆவி பட்டிருக்கும்.”

“ஆவி கோடு கோடாச் சுடுமா?”

சுடாது. அவன் சொன்னது சரி. அது கம்பி. அடுப்பை எரியவிட்டுவிட்டுப் போகக் கூடாது என்று முஸ்பிறாவுக்குப் பல தடவை சொல்லியிருந்தேன். இரும்பின் ஒரு முனையில் இருக்கும் சூடு மறுமுனைக்கு எவ்வளவு விரைவாக ஓடிவரும் என்பதைச் சொல்லி விளங்காதவர்களுக்குக் காட்டித்தான் விளங்க வைக்கவேண்டும். நான் காட்டினேன். அதன் பிறகு அவள் அடுப்பை ஒருநாளும் மறக்கவில்லை.

“இது எங்கட ராத்தாட ஊடு” என்றான் றாஸிக். “அஸர் தொழுதிட்டு மரைக்கார்ட்டச் சொல்லப் போறன். அதுக்கு முந்தி உங்கட உடுப்பக் கட்டி வெச்சிருங்க.”

மரைக்கார் என்பவர் எங்கள் குடிக்காகப் பள்ளிவாசலில் பேசும் பெரியவர். கணவன் மனைவி பிணக்குகள் அவரிடம் போகும். அவர் சொன்னால் நான் ஒரு பெட்டியோடு, ஊர் பார்க்க, பகலில் தெருவில் நடந்து போகவேண்டும். றாஸிக் திரும்பினான். உழவு இயந்திரத்தை முடுக்கும் இரும்புக் கைபிடி என் கையில் இருந்தது. அவன் வாசலைத் தாண்டவில்லை.

அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அப்படியே விட்டுவிட்டுப் போகிறவன் அல்ல நான். திருத்த வந்திருந்த ட்ரெக்டரின் பெட்டியில் வைக்கோல் பரப்பி அவனைக் கிடத்தி, கழுத்து ஆடாமல் இரண்டு பக்கமும் சாக்கு வைத்துக் கொண்டுபோனேன். வழியில் சோதனைச் சாவடியில் இரத்தத்தைக் கண்ட சிப்பாய் கையைக் காட்டி அனுப்பினான். எஞ்சினை முடுக்கும்போது கைபிடி திருப்பி அடித்துவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னேன். டீசல் எஞ்சினில் அது நடக்கும். வேகம் போதாமல் அமுக்கம் ஏறிவிட்டால், பிஸ்டன் பின்வாங்கிக் கைபிடியை எதிர்ப்பக்கமாகச் சுழற்றும். எத்தனையோ பேருக்கு மணிக்கட்டு முறிந்திருக்கிறது. யாரும் சந்தேகப்படவில்லை.

றாஸிக்குக்கு அந்த நாள் முழுவதும் அழிந்து போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவன் தாய், என் மாமி, அவனைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்தார். அவர் வீட்டின் இரு பக்கமும் தறிகள். விடிந்ததிலிருந்து அந்தச் சத்தம் ஓயாது. “இவனுக்குச் சத்தம் ஆகாது மாமி. இங்க விடுங்க, நான் பாக்கிறன்” என்றேன்.

நான் அவனைப் பார்த்த விதத்தை மருதமுனையில் யாரிடமும் கேளுங்கள். கொட்டிலைப் பூட்டினேன். யன்னல்களுக்கு நனைத்த பாய் தொங்கவிட்டேன், வெளிச்சமும் குறையும், அறையும் குளிரும். கதவுக் கொளுக்கிக்குச் சீலை சுற்றினேன். பக்கத்து வீட்டுச் சேவலை விலைக்கு வாங்கி அறுத்தேன். டீசல் மணத்துக்கு அவன் வாந்தியெடுத்தான். அதனால் ஒவ்வொரு நாளும் நகக்கண்ணில் ஊறிக்கிடந்ததைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டே அவனுக்குக் கஞ்சி ஊட்டினேன். தேடிய வார்த்தை கிடைக்காமல் அவன் அழும்போது நான் எடுத்துக் கொடுக்கமாட்டேன். காத்திருப்பேன். வார்த்தை தானாக வரவேண்டும், அப்போதுதான் வழி திறக்கும்.

ஒன்றை மட்டும் நான் எடுத்துக் கொடுத்தேன். காலையில் அவன் விழித்ததும், கைபிடி திருப்பி அடித்த கதையைச் சொல்வேன். ஞாபகம் புதிதாக ஊற்றிய கொங்கிரீட் போன்றது. இறுகுவதற்கு முன்பு எந்த வடிவத்தில் ஊற்றுகிறோமோ அந்த வடிவத்தில் நிற்கும். கொத்தனாராகிய அவனுக்கு இந்த உதாரணத்தைச் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை.

“மச்சான், நீங்க பொம்புளயாப் பொறந்திருந்தா ஆஸ்பத்திரியில பெரிய நேர்ஸ்” என்று சிரிப்பான்.

“வாயப் பொத்திக்கிட்டுக் கஞ்சியக் குடி.”

“பாத்தியளா, நேர்ஸ்மாரும் இப்பிடித்தான் ஏசுவாளுகள்.”

மாமி கையேந்தி துஆ கேட்பார். “எண்ட மருமகன் இல்லாட்டி இவன் மௌத்தாப் போயிருப்பான்” என்பார். முஸ்பிறா பக்கத்தில் நிற்பாள். கேள்வி கேட்காமலிருக்க அவள் முன்பே பழகியிருந்தாள்.

மழைக்காலம் முடிய அவன் தெளிந்தான். முதலில் வெளிச்சம் வலிப்பது நின்றது. பிறகு வாந்தி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லிப் பார்ப்பேன். ஆடாமல் நின்றான். ஒரு மத்தியானம் முஸ்பிறா சோற்றுக் கோப்பையை நீட்டும்போது சட்டைக்கை விலகிச் சூட்டுக் கோடுகள் தெரிந்தன. அவன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சோறு ஆறிப்போனது.

அன்று மாலை என்னிடம் கேட்டான்.

“மச்சான், எஞ்சினுக்கு முன்னால நிண்டுதானே ஹேண்டிலச் சுத்துற?”

“ஓம்.”

“அது திருப்பி அடிச்சா மூஞ்சிலயெல்லோ படும். எனக்கு ஏன் பிடரியில பட்டிருக்கு?”

நல்ல கேள்வி. உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாரக்கணக்காக ஒரு வசனத்தை முடிக்கமுடியாமல் கிடந்தவன், இப்போது திசையையும் விசையையும் வைத்து யோசிக்கிறான். மூளை முழுதாக வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அவனே பேசினான். “எனக்கு எல்லாம் வந்திட்டு மச்சான். நான் பொலிஸுக்குப் போகமாட்டன். நீங்க என்னப் பாத்த பார்வைய அல்லாஹ் அறிவான். செஞ்ச பிழைக்கு மனசு வருந்தித்தானே இப்பிடிப் பாத்தீங்க? ஆனா ராத்தாவ இனி உங்களோட விடேலா. வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பிறகு மரைக்கார்ட்ட நீங்களே சொல்லுங்க. நீங்களே சொன்னா மரியாத.”

“சரி” என்றேன்.

நோய் தெளிந்தவருக்குத் தலைக்கு வார்ப்பது எங்கள் வழக்கம். அதுவரை ஈரத்துணியால் துடைத்த உடம்பை முதன்முறை கிணற்றடியில் இருத்தி, உச்சந்தலையிலிருந்து நீர் ஊற்றுவார்கள். மாமி வெள்ளிக்கிழமையைக் குறித்தார். ஜும்மாவுக்கு அவன் புதுச் சாரம் உடுத்துப் போகவேண்டும் என்பது அவர் ஆசை. யார் வார்ப்பது என்று கேள்வியே எழவில்லை. பெண்கள் குசினியில் இறைச்சி ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

நீரை முன்பே இறைத்து வெயிலில் வைத்திருந்தேன், குளிர் ஏறக் கூடாதென்று. அவன் கிணற்றுக்கட்டை ஒட்டிக் குந்தியிருந்தான். சவர்க்காரம் கண்ணில் படாமல் இமைகளை இறுக மூடியிருந்தான். எனக்கு முதுகைக் காட்டி இருப்பதில் அவனுக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. மனம் வருந்தியவன் என்று என்னை அவன் முடிவுசெய்திருந்தான். அவன் தவறாக விளங்கிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

“சுகமாக் கிடக்கு மச்சான்” என்றான்.

இரண்டாவது அடி பெரிதாக இருக்கவேண்டியதில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அது தெளியாதவர்களுக்கான கணக்கு. இவன் தெளிந்துவிட்டான். ஆகையால் அவன் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்து, முழுப்பலத்தோடு கிணற்றுக்கட்டின் விளிம்பில் மோதினேன். அவன் கைகள் என் மணிக்கட்டைப் பற்றின. மீண்டும் மோதினேன். சவர்க்காரத்தில் மயிர் வழுக்கியது, காதுகளைப் பிடிக்கவேண்டியதாயிற்று. “உம்மா” என்று ஒரு தடவை சொன்னான், கூப்பிடுகிற சத்தத்தில் அல்ல. கைகள் விழுந்தன. எலும்பு உள்ளே இறங்கும் வரைக்கும் நான் நிறுத்தவில்லை. பிறகு மீதி நீரை ஊற்றிக் கிணற்றுக்கட்டைக் கழுவிவிட்டு, அவனைச் சரித்துக் கிடத்தி, ஆட்களைக் கூப்பிட்டேன்.

எங்களில் மையித்தை வைத்திருப்பதில்லை. அன்றே அடக்கினோம். நான் துவாய் எடுக்கப் போயிருந்ததாகச் சொன்னேன். தலைச்சுற்று வந்து கிணற்றுக்கட்டில் விழுந்துவிட்டான் என்றார்கள். தலையில் முன்பே அடிபட்டவன்தானே.

அது அத்தோடு முடிந்திருக்கும். அவனுக்காகக் குர்ஆன் ஓதிக் கத்தம் கொடுத்த அன்று, வந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்க மாமி என்னைப் பார்த்துச் சொன்னார்: “தலசுத்து மாறாதவனக் கிணத்தடியில தனிய இருத்திப்போட்டு எங்க பராக்குப் பாத்துக்கிட்டு நிண்ட? கவனமில்லாதவன்ட கையில எண்ட புள்ளயக் குடுத்தனே.” எல்லோரும் தலையாட்டினார்கள். முஸ்பிறாவும் ஆட்டினாள். எத்தனை வாரம், எத்தனை கோப்பைக் கஞ்சி. ஒருவராவது எனக்காக வாய் திறக்கவில்லை.

அதனால்தான் பொலிஸுக்கு வந்தேன் ஐயா. யாரும் என்னைக் கூட்டிவரவில்லை, நானே சைக்கிளில் வந்தேன். நீங்கள் எழுதும்போது இதைத் தெளிவாக எழுதவேண்டும். கிணற்றடிக்குப் போன அன்று றாஸிக்குக்குத் தலைச்சுற்று இருக்கவில்லை. தலைவலி இல்லை, குமட்டல் இல்லை, மறதி இல்லை. அவன் முழுச் சுகமாக இருந்தான். என் கவனத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை.