தங்கைக்கு ஒதுக்கிய நேரம்

நாற்காலி மெத்தென்று நன்றாகத்தான் இருக்கிறது, ஏன் இப்படிக் கோணலாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்? உட்கார்ந்ததும் எனக்குள் ஓடியது இதுதான். இழுத்து நேராகப் போடக் கை துறுதுறுத்தது. எதிரே இருந்த மனநல ஆலோசகர் அதைக் கவனித்துவிட்டார்.

"என் முகத்தைப் பாத்துத்தான் பேசணும்னு இல்ல. ஜன்னலைப் பாத்துக்கூடப் பேசலாம். முதல் நாள் யாருக்குமே இருப்புக்கொள்ளாது," என்றார். பிறகு, "மேடம்லாம் வேண்டாம்மா, அக்கான்னே கூப்பிடுங்க."

எனக்கு அது பிடிக்கவில்லை. வாலுவுக்கு அக்கா ஒருத்திதான். அது நான்.

வாலு என் தங்கை. அந்த நேரம் அவளுக்கு ஒதுக்கப்பட்டது. அவளே ஃபோன் செய்து கேட்டு வாங்கியிருந்தாள். அதை உறுதிசெய்ய அவர்கள் திரும்ப அழைத்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேன். அவள் பெயரைச் சொல்லி, நீங்கள்தானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். முன்பின் தெரியாத இடத்துக்கு அவளை எப்படி அனுப்புவது? அம்மா போன பிறகு பள்ளிக்கூடம் மாற்றியபோதும் நான் முதலில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அவளைச் சேர்த்தேன்.

ஆலோசகர் நிதானமாக விளக்கினார். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வேறு ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். அறிவுரை சொல்ல மாட்டேன், கேள்விதான் கேட்பேன். பதில் வராவிட்டால் சும்மா இருக்கலாம். அழுகை வந்தால் அழலாம். தொடக்கத்தில் மனசு முன்பைவிடக் கனக்கக்கூடச் செய்யும், போகப் போக இலேசாகும். பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லாம் நியாயமாகவே இருந்தது. வாலு கேட்டிருந்தால் அப்படியே நம்பியிருப்பாள். யார் அன்பாக இரண்டு வார்த்தை பேசினாலும் நம்பிவிடுகிறவள்.

"இங்க ஃபோன் பண்ணணும்னு எப்பம்மா தோணுச்சு?"

நான் வாலுவாகப் பேசத் தொடங்கினேன். அது கஷ்டமாகவே இல்லை. அவள் புலம்பலைத் தினமும் கேட்கிறவள் நான்தானே. பகலெல்லாம் தூக்கம். நடந்தால் தரை நழுவுகிறது. வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தும் கிளம்ப முடியவில்லை, பெட்டி கட்டுவதற்குள் கண் சொருகுகிறது. பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயமாக இருக்கிறது.

"வீட்ல யார் இருக்காங்க?"

"நானும் அக்காவும்தான்."

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"கவுன்சிலரைப் பாக்கப் போறேன்னு சொன்னேன். தெருவிளக்கு எரியலன்னா கவுன்சிலரைப் பாரு, உனக்கு என்னடி கேடுன்னா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டில் நான் அதைச் சொன்னபோது வாலு சிரிக்கவில்லை.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்ல."

வாலுவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரியாது. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எதைப் பொடித்தால் கசக்கும், எது கசக்காது என்று எனக்குத் தெரியும். காலைப் பாலில் ஒன்று, அவள் பெட்டியைக் கீழே இறக்கும் நாட்களில் ஒன்றரை. அதற்கு மேல் போட்டதில்லை. அன்று காலை மட்டும் இரண்டு, அவள் எழுந்து இங்கே வந்துவிடக்கூடாதே. அளவு தெரியாத ஒருத்தி செய்தால்தான் ஆபத்து. அந்த ஊரில் அவளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போட யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள். மாடிப்படியில் உருண்டு அவள் மணிக்கட்டு உடைந்தபோது நான்தான் ஊட்டிவிட்டேன். அந்த வாரங்கள் எங்களுக்கு நன்றாகவே போயின.

"அக்கா உங்ககிட்ட எப்படி இருப்பாங்க?"

நான் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன். இந்தக் கேள்விக்காகத்தான் வந்தோமோ என்று தோன்றியது.

"தங்கமான அக்கா. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் டம்ளரையே பாத்துட்டு நிப்பா."

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"என்ன குடிப்பீங்க?"

"பால்."

"நீங்களே கலந்துக்க மாட்டீங்களா?"

"அக்கா விடமாட்டா."

"வேற எங்கயாவது போய்த் தங்கினப்ப இந்தத் தூக்கம் இருந்துச்சா?"

வாலு ஒருமுறை தோழி வீட்டில் தங்கிவிட்டு, முகம் தெளிந்து, பாடிக்கொண்டே படியேறி வந்தாள். "இல்ல," என்றேன். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "பயப்படாம கேளுங்கம்மா. கீழ லேப் இருக்கு. ரத்தம் குடுத்துட்டு வந்துடலாம், நானும் கூட வரேன். ரிசல்ட் தெரியிற வரைக்கும் நீங்க அந்த வீட்டுக்குப் போக வேண்டாம். அந்தத் தோழி வீட்டுக்கு நானே ஃபோன் பண்றேன்."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். சூடான, கெட்டியான கை. வாலு வந்திருந்தால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போயிருப்பாள். திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டாள்.

நான் என் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டேன்.

"வேண்டாம்," என்றேன். "நான் வீட்டுக்கே போறேன். நான் இல்லன்னா அக்கா தனியா இருக்கப் பயப்படுவா."