பத்தொன்பது பாஸ்புக்குகளைக் காத்த விமலா அம்மையாருக்குப் பணி நிறைவு மடல்

மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வந்து, எங்கள் மிளகு விவசாயிகள் கடன் சங்கத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கண்ணும் கருத்துமாய்க் கணக்கெழுதிய விமலா அம்மையீர்! வணங்குகிறோம். வணங்கும் தகுதி எங்களுக்கு இல்லை என்பதையும் இம்மேடையிலேயே சொல்லிவிடுகிறோம்.

நேர்மை தவறா நெஞ்சுரமே! நம் மலையின் குண்டனி நாட்டுப் பகுதியில் ஓர் ஊர்ப் பாஸ்புக்குகள் பத்தொன்பதும் ஊர்ப் பெரியவர் சின்னுசாமி வீட்டுச் சாமைக் குதிரில்தான் இருக்கும். யாருக்குப் பணம் வேண்டுமானாலும் அவரே எடுத்து வருவார். அந்த வெள்ளை மனத்தைப் பள்ளிக்கூடம் கட்டித் தருவதாக வந்த அறக்கட்டளை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு கணக்கிலும் வாரந்தோறும், பான் எண் கேட்கும் ஐம்பதாயிரத்தைத் தொடாமல், நாற்பத்தொன்பதாயிரம் வந்தது, அன்றே அறக்கட்டளை ஆள் கைக்குப் போனது. பள்ளிக்கு ஒரு செங்கல்கூட வரவில்லை. ஏன் என்று நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். "ஏனுங்கம்மா, நமக்கெதுக்குங்க இந்த வம்பு?" என்றார் செயலாளர். உடன் வேலை செய்த நாங்கள் சிரித்தோம். வெட்கங்கெட்டவர்கள் நாங்கள்!

செயலாளரைத் தாண்டி, சட்டப்படி, தலைமை அலுவலகம் வழியாக டெல்லியிலுள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குச் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை அனுப்பினீர்கள். அனுப்பியதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதும் சட்டமே. சொன்னால் குற்றவாளி தப்பிவிடுவான். பணம் குண்டு வைக்கும் கும்பலுக்குப் போனதைக் கண்டுபிடித்த போலீஸ், சின்னுசாமியையும் கொண்டுபோனது. கேள்வி கேட்டவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால், காட்டிக்கொடுத்தவர் என்று உங்களைத் தூற்றினோம். பதினான்கு மாதம் முகம் பார்த்துப் பேசவில்லை. சங்க ரகசியத்தை வெளியிட்டதாகச் செயலாளர் மெமோ கொடுத்தார். அதற்குச் சாட்சி எழுதிக் கையெழுத்துப் போட்ட பாவிகள் யார்? நாங்களேதான்.

பணம் எடுத்த சீட்டுகள் எல்லாம் அறக்கட்டளை ஆள் கைப்பட எழுதியவை, ஊரார் ஒன்றும் அறியாதவர்கள் என்று நீதிமன்றத்தில் நீங்கள் சாட்சி சொன்ன பிறகே சின்னுசாமி விடுதலையானார். அவர் மனைவி ராமாயி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கூட்டுக்காரரு ஊடு திரும்புனது உங்களாலதானுங்க" என்று அழுதபோது நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

அந்தச் செயலாளர் இன்று பதவி உயர்வோடு நாமக்கல்லில் இருக்கிறார். உங்கள் ஓய்வூதியமோ அவர் கொடுத்த மெமோவில் மாட்டிக் கிடக்கிறது. வயிறு எரிகிறது, அம்மையீர்! உங்களுக்குப் போர்த்தச் சொல்லி அவர் அனுப்பிய சால்வையைக் காலை பஸ்ஸிலேயே திருப்பியனுப்பிவிட்டோம்.

நோயின்றி நூறாண்டு வாழ்க, நிம்மதியாக வாழ்க. ஆனால் இம்மடலைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டாதீர்கள். அந்த மெமோ மீது திங்கட்கிழமை நடக்கும் விசாரணையில் அதிகாரியின் மேசைமேல் வையுங்கள். நீங்கள் ரகசியத்தை வெளியிட்டதாக நாங்கள் எழுதிக் கொடுத்தது பொய். செயலாளர் சொல்லச் சொன்னதை எழுதினோம். அன்று கையெழுத்திட்ட அதே நால்வர், இன்று உண்மைக்குக் கையெழுத்திடுகிறோம்.

இமானுவேல், காசாளர்
சுமித்ரா, எழுத்தர்
செங்கோடன், எடை போடுபவர்
ஜாஸ்மின், கணினி இயக்குபவர்