எழுதியிருந்தபடி

டீ ஆறிவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். எனக்கு ஆறிய டீதான் பழக்கம். வார்டில் வேலை பார்த்தவள் எவளும் சூடாகக் குடித்திருக்க மாட்டாள். கோப்பையைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்துத்தான் யாருக்காவது ட்ரிப் அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் யாராவது கட்டிலை விட்டு இறங்கி விழுந்து வைப்பார்கள்.

நீங்கள் கூப்பிடாமலே நான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். அதனால் கேள்வி கேட்டுச் சிரமப்பட வேண்டாம், நானே வரிசையாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்பவருக்கு வசதியாக மெதுவாகவே பேசுகிறேன்.

நான் மூன்று வருஷம் டாக்டருக்குப் படித்தவள். பாதியில் நின்ற கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அண்ணன் வெளியூர் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா பஸ் ஓட்டினார், விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அம்மாவோடு வீட்டில் யார் இருப்பது என்று பேச்சு வந்தபோது அவர்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். அதிலேயே முடிவாகிவிட்டது. “ஒரே ஒரு வருஷம்மா. அப்புறம் போயி விட்ட இடத்துல ஆரம்பிச்சுக்கலாம்” என்றார் அப்பா. அந்த ஒரு வருஷம் நான்கு வருஷமாக நீண்டது. அம்மா போன பிறகு கல்லூரிக்குப் போய் நின்றேன். என் ஃபைலைத் தேடி எடுக்கவே அரை நாள் ஆயிற்று. இவ்வளவு இடைவெளி விட்டவர்களைத் திரும்பச் சேர்க்க விதியில் இடமில்லை என்றார் அங்கே இருந்தவர். நல்ல மனிதர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

நர்சிங்கை நானேதான் தேர்ந்தெடுத்தேன், யாரும் தள்ளிவிடவில்லை. நான்கு வருஷத்தில் அம்மாவின் முதுகில் ஒரு புண் வர விட்டதில்லை. அந்தக் கை வீணாகப் போக வேண்டாம் என்று தோன்றியது. சொன்னபோது அப்பா, “ரெண்டும் ஆஸ்பத்திரி வேலைதானே” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

பதினாறு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வார்டில் எனக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. எதிரில் சொல்ல மாட்டார்கள், ஆனால் எனக்குத் தெரியும், பிடிக்கவும் செய்தது. சின்ன டாக்டர்கள் மருந்துச் சீட்டில் எழுதும் தப்புகளை நான் சத்தமில்லாமல் சரி செய்ய வைப்பேன். “டாக்டர், இது உங்க கையெழுத்துதானான்னு ஒரு தடவை பாருங்களேன்” என்பேன். அவர்கள் பார்த்துவிட்டு முகம் வெளுத்துத் திருத்துவார்கள். மாதத்துக்கு நாலைந்து இருக்கும். அப்படிப் பிழைத்தவர்கள் யாருக்கும் தாங்கள் பிழைத்தது தெரியாது. நன்றி எதிர்பார்த்து நான் செய்யவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் எங்கள் வார்டுக்குத் தலைமை டாக்டராக ஒருத்தி வந்தாள். என்னோடு ஒரே மேசையில் பிணம் அறுத்தவள். முதல் நாள் மயங்கி விழுந்தாள், முகம் கழுவிவிட்டது நான். மூன்று வருஷமும் என் நோட்டை வாங்கித்தான் படித்தாள். மருந்தியல் தேர்வில் எனக்கு முதல் இடம். அவள் ஒட்டிக்கொண்டு பாஸ் செய்தாள். இதையெல்லாம் அவள் மறைக்கவே இல்லை. வந்த முதல் நாளே என் தோளில் கை போட்டு, “இவ என் செட்டு. என்னைவிட நல்லா படிச்சவ” என்று எல்லோரிடமும் சொன்னாள். பஸ்ஸைத் தவறவிட்டவளைப் பார்ப்பது போல எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நல்லவள். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஒரு லாரி ஓட்டுநர் மூன்று வாரக் காய்ச்சலோடு வந்தார். என்ன என்று பிடிபடவில்லை. நான் அவர் கையைத் துடைக்கும்போது நகத்தடியில் மெல்லிய செங்கீற்றுகளைப் பார்த்தேன். மறுநாள் மாணவர்கள் சூழ அவள் ரவுண்ட்ஸ் வந்தபோது, “டாக்டர், இதயத்தை ஒரு தடவை பாத்துடலாமா?” என்றேன். அவள் கேஸ் ஷீட்டிலிருந்து தலையை எடுக்காமல், “அத நாங்க பாத்துக்கறோம் சிஸ்டர். எழுதியிருக்கறத நீங்க குடுத்தா போதும்” என்றாள். மாணவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒன்பது நாள் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். இதய வால்வில் கிருமி. அவர் பிழைத்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் காகிதத்தில் தலைமை டாக்டரின் கூர்மையான கணிப்பு என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

அதற்கடுத்த வாரம் துணி அலமாரி அறைக்குள் என்னைத் தேடி வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, “அன்னைக்கு நான் அப்படி பேசியிருக்கக் கூடாதுடி. நீ சொன்னதுதான் சரி. இனிமே நான் எழுதறதுல எது தப்பா பட்டாலும் கையப் புடிச்சு நிறுத்து” என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் சரி என்றேன். தலையணை உறைகளை எண்ணி முடித்தேன். எனக்கு அவள் மேல் கோபம் எதுவும் இல்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதாக நினைக்க வேண்டாம், உங்கள் அறிக்கையில் பழிவாங்கல் என்ற வார்த்தை வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது தையல்காரம்மா.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மூட்டுவாதம். விரல்கள் வளைந்து கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் வந்து சேர்ந்தார். படுக்கையில் படுத்தபடியே வருகிறவர் போகிறவர் உடுப்பை எல்லாம் கண்ணால் அளப்பார். “சிஸ்டர், உங்க எடது தோளு அரை இஞ்சு எறங்கியிருக்கு. தச்சவன் கண்ண மூடிக்கிட்டு தச்சிருக்கான். என் கை சரியாகட்டும், மொத வேல உங்களுக்குத்தான்” என்பார். வார்டே சிரிக்கும். அவர் வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்ப்பவர், அதிகம் பேசாதவர். தினமும் காலையில் வந்து மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவார்.

தலைமை டாக்டர் வெளியூரில் ஒரு மாநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாள் அது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோன். பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். அந்த அவசரத்தில் தையல்காரம்மாவின் சீட்டை எழுதி என்னிடம் நீட்டி, “ஒரு தடவை பாத்துடு” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பார்த்தேன். தினமும் காலை ஒரு வேளை என்று எழுதியிருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு, எழுதியிருந்தபடி கொடுத்தேன். அந்த அம்மா அண்ணாந்து ஒரே விழுங்காக விழுங்கினார்.

மருந்தகத்திலிருந்து ஃபோன் வந்தது. “சிஸ்டர், இது டெய்லியா?” என்று கேட்டார் அங்கே இருந்தவர். “டாக்டர் எழுதியிருக்காங்க” என்றேன். “அப்ப சரி” என்று வைத்துவிட்டார். நான் பொய் சொல்லவில்லை.

அந்த மாத்திரையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. மூட்டுவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரு நாள்தான் கொடுப்பார்கள். தினமும் கொடுத்தால் முதலில் வாய் புண்ணாகும். பிறகு குடல். பிறகு எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோகும். இந்த வரிசை மாறாது.

நான்காம் நாள் வாயில் புண் வந்தது. தடவுவதற்குக் களிம்பு கொடுத்தேன். ஐந்தாம் நாள் பால்கூட இறங்கவில்லை, வீட்டுக்காரர் ஸ்பூனில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். தலைமை டாக்டர் மாநாட்டிலிருந்து கூப்பிட்டு, “தையல்காரம்மா எப்படி இருக்காங்க?” என்று விசாரித்தாள். “நீ எழுதினபடி போயிட்டிருக்கு” என்றேன். “நீ இருக்கற தைரியத்துலதான் நான் இங்க நிம்மதியா இருக்கேன்” என்றாள். ஆறாம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வெள்ளை அணுக்கள் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று நான் மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஏறக்குறைய அதேதான். அந்தக் காகிதத்தை எக்ஸ்ரே உறைகளுக்குப் பின்னால் செருகினேன். பொறுப்பில் இருந்த சின்ன டாக்டர் அத்தனை தூரம் புரட்ட மாட்டார் என்று தெரியும்.

ஏழாம் நாள் காலை நான் மாத்திரைத் தட்டோடு போனபோது அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாக்கு தடித்து, பேச்சு குழறியது. “இந்த மாத்திரதான் ஒத்துக்கலையோ சிஸ்டர்? ரெண்டு நாளு நிறுத்திப் பாக்கலாமா?” என்று கேட்டார். படிக்காதவர். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் கட்டில் ஓரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “டாக்டரக் கேக்காம நாமளா நிறுத்தக் கூடாதும்மா” என்றேன். “நீங்க சொன்னா சரி” என்று வாயைத் திறந்தார். விழுங்க நேரம் பிடித்தது. முழுவதும் இறங்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். எட்டாம் நாள் அவரால் எதையும் விழுங்க முடியவில்லை, அத்தோடு மாத்திரை நின்றது.

முறிவு மருந்து எங்கள் அலமாரியிலேயே இருந்தது, மூன்றாவது தட்டில். காலாவதியாகிவிட்டதா என்று ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். ஆகவில்லை. அங்கேயே வைத்தேன்.

ஒன்பதாம் நாள் தலைமை டாக்டர் ஊரிலிருந்து நேராக வார்டுக்கு வந்தாள். சீட்டைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் ஓடி ஓடிச் செய்தாள். மூன்றாவது தட்டையும் திறந்தாள். காலம் கடந்திருந்தது. பதினோராம் நாள் காலை அந்த அம்மா போய்விட்டார். வீட்டுக்காரர் என் முன்னால் நின்று கை கூப்பி, “கடைசிவரைக்கும் நீங்க ஒருத்தர்தான் கூடவே இருந்தீங்க” என்றார். நானும் கூப்பினேன்.

தலைமை டாக்டர் யாரையும் கைகாட்டவில்லை. நான்தான் தப்பாக எழுதினேன் என்று அந்தக் கடிகாரக்காரரிடம் அவளே போய்ச் சொன்னாள். வேலையை விட்டாள். கிளம்பும் நாளில் என்னிடம், “நீ அந்த சீட்டைப் பாத்தியா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “இருந்த அவசரத்துல கவனிக்கல” என்றேன். நம்பிவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “உன்ன சொல்லி என்ன பண்றது? பாவம், உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணைக் குழுவின் அறிக்கை நேற்று வந்தது. பன்னிரண்டு பக்கம். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஒன்பதாம் பக்கத்தைத் தவிர. இப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு மருந்தறிவு ஒரு செவிலியருக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, ஆகவே அவர் மேல் குற்றமில்லை என்று போட்டிருக்கிறார்கள். நான்கைந்து தடவை படித்தேன். கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் டாக்டர்கள்.

நான் வந்தது அந்த ஒரு வரிக்காக. அதை அடித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். சீட்டைக் கையில் வாங்கிய நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழு மாத்திரையும் தெரிந்தேதான் கொடுத்தேன். அந்த ஆஸ்பத்திரியில் அத்தனை டாக்டர்கள் இருந்தும், அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.