மழைக்குப் பத்துச்சீட்டு

சூசைரட்ணம்: நிற்காதே, உட்காரு. விசாரணைதான்... இருந்தாலும் உட்காரு.

அம்மாக்கண்ணு: ஆபீஸ்ல உக்காந்தா பெரிய கிளாக்கர் ஐயாவுக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்களே.

சூசைரட்ணம்: யார் சொன்னது?

அம்மாக்கண்ணு: நீங்கதாங்க ஐயா. போன மாசம்.

சூசைரட்ணம்: ...சரி, நில்லு. இந்தப் பெட்டிசத்துல முதல் பெருவிரல் யாருடையது?

அம்மாக்கண்ணு: மை அப்பின வெரலுங்க. எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியிது.

சூசைரட்ணம்: பக்கத்துல 'அம்மாக்கண்ணு, ஆறாம் லயம்'னு எழுதியிருக்கு.

அம்மாக்கண்ணு: அப்ப என்னுதாத்தான் இருக்கும்.

சூசைரட்ணம்: காலையில இதைப் பெரட்டுக்களத்துப் பலகையில ஒட்டினது யார்?

அம்மாக்கண்ணு: பனிங்க. முன்னால நிக்கிற ஆளையே தெரியல.

சூசைரட்ணம்: ஆனா ஒட்டின தாள் மட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுதாக்கும்! வேலைக்குப் பேர் கொடுக்கிற நேரத்துல முந்நூறு பேர் கூடி நின்னு சிரிப்பு. தோட்டத்துத் தொரை மோட்டார் சைக்கிளை நிறுத்திட்டு என்னன்னு கேக்கிறார். அத்தனை பேர் முன்னாலயும் நான் வரி வரியா இங்கிலீசுல சொல்ல வேண்டியதாப் போச்சு.

அம்மாக்கண்ணு: நல்லாத்தான் சொன்னீங்க ஐயா. தொர மூஞ்சி அவிச்ச பீட்ரூட்டு மாதிரி ஆச்சே. மலையில வேல பாக்க வர்ற கண்டாக்கையா தொப்பியால வாயப் பொத்திக்கிட்டாரு. ஐயா மீசகூட ஒரு தடவ ஆடிச்சு.

சூசைரட்ணம்: குளிர்ல ஆடினது. சிரிக்காதே. நாலு மணிக்குள்ள, இதை எழுதினவன் பேரை எழுத்துல தொரைக்குக் கொடுக்கணும். அவனுக்குப் பத்துச்சீட்டு. பேர் கிடைக்காட்டி முதல் பெருவிரலுக்கு. வேலையும் போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். நீ புருசன் பிள்ளைகளோட மூட்டை கட்ட வேண்டியதுதான். விளங்குதா?

அம்மாக்கண்ணு: விளங்குதுங்க.

சூசைரட்ணம்: விளங்கினா சிரிப்பு வராது.

அம்மாக்கண்ணு: சிரிக்கலீங்க. பல்லு அப்பிடி.

சூசைரட்ணம்: வாசிக்கிறேன், கேளு. 'மாட்சிமை தங்கிய துரையவர்களின் சப்பாத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சேற்றுக்கும் தெண்டனிட்டு, பிள்ளைக்காம்பராத் தாய்மார் பணிவுடன் எழுதிக்கொள்வது. மேற்படி காம்பராவின் கூரைவழியாக மழையானது பேர் பதியாமலும் அனுமதி பெறாமலும் உள்ளே நுழைந்து, தொட்டிலில் உறங்கும் குழந்தைகளின்மேல் வேலை செய்து வருகிறது. ஆகையால் கருணைகூர்ந்து மழைக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்து, அதைத் தோட்டத்தை விட்டு வெளியேற்றும்படி...' இது என்ன? மழைக்குப் பத்துச்சீட்டா?

அம்மாக்கண்ணு: மூணு தடவ ஒழுங்கா எழுதிக் குடுத்தோமுங்க. நாங்க வேலைக்குப் போறப்போ புள்ளைங்கள விட்டுட்டுப் போற காம்பராவுல தகரம் ஓட்ட, புள்ளைங்களுக்கு சளி, லெட்சுமியோட கைப்புள்ள ஆஸ்பத்திரியில கெடக்குதுன்னு. மூணுக்கும் பதில் இல்ல. தகரத்த மாத்த முடியலேன்னா மழையயாவது நிறுத்தட்டும்னுதான்...

சூசைரட்ணம்: அந்த மூணைப் பத்தி இப்ப பேச்சில்லை. இது யாருடைய மூளை? றோலண்ட் வாத்தியாரா?

அம்மாக்கண்ணு: ஐயோ, அவரு நத்தார்ப் பண்டிகைக்குக்கூட சிரிக்க மாட்டாரு.

சூசைரட்ணம்: 'சப்பாத்தின் அடியில்'... இந்த மாதிரி வசனம் லயத்துல உண்டாகிறதில்லை.

அம்மாக்கண்ணு: இல்லதாங்க. அது பேரின்பத்தோடது.

சூசைரட்ணம்: ...யாரோடது?

அம்மாக்கண்ணு: பெட்டிசம் பேரின்பம்.

சூசைரட்ணம்: அப்படி ஒரு ஆள் பேர் நம்ம செக்ரோல் பதிவுல இல்லையே.

அம்மாக்கண்ணு: புத்தகத்துல வர்ற ஆளுங்க. கோட்டு ஒண்ணு இருக்கும், அதுக்குப் பித்தான் இருக்காது. எல்லாத்துக்கும் பெட்டிசம் எழுதுவாரு. ரயிலு பிந்தினா ரயிலுக்கே எழுதுவாரு. குடிசைக்குள்ள ஒழுகின மழைக்குப் பத்துச்சீட்டு கேட்டு அரசாங்கக் கச்சேரி ஆபீசுக்கு எழுதுவாரு. நம்ம கூரைக்கும் அது சரியா வந்திச்சு.

சூசைரட்ணம்: அந்தப் புத்தகம்... உங்களுக்கு எங்க கிடைச்சுது?

அம்மாக்கண்ணு: கருவாட்டுக்கு வெளியில.

சூசைரட்ணம்: என்ன?

அம்மாக்கண்ணு: பொகவந்தலாவ பசார்ல மொதலாளி நெத்திலி கட்டித் தந்தாரு. ஊட்டுக்கு வந்து பொட்டலத்தப் பிரிச்சா, பேரின்பம் தபால் பெட்டிக்குக் கும்புடு போட்டுக்கிட்டு நிக்கிறாரு. அடுத்த பக்கம் வேணுமேன்னு, மறுநாளே போயி உப்பு வாங்கினோம். கடைக்குப் பின்னால ஒரு மூட்ட கெடக்குதாம். ஹட்டன் அச்சுக்கூடத்துல விக்காமக் கெடந்தத எடைக்கு நிறுத்து வாங்கினாராம்.

சூசைரட்ணம்: நிறுத்தா... நிறுத்தா வித்தான்?

அம்மாக்கண்ணு: ஏனுங்க ஐயா, மொகம் ஒரு மாதிரி ஆயிடிச்சு?

சூசைரட்ணம்: ஒண்ணுமில்லை. மேல சொல்லு.

அம்மாக்கண்ணு: அதுக்குப் பொறகு கால் றாத்தல் சீனிய நாலு பொட்டலமாக் கட்டச் சொல்லுவோம். நாலு தாளு கெடைக்குமே! வீரம்மா ஒரு நாளு காஞ்ச மொளகாய ஒவ்வொண்ணாக் கட்டித் தாங்கன்னு கேட்டு, மொதலாளி சிங்களத்துல ஏசினாரு. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நாங்க ஏன் இப்பிடிப் பண்றோம்னு இன்னும் வெளங்கல.

சூசைரட்ணம்: பக்கம் முறையா வந்திருக்காதே. முன்னுக்குப் பின்னா வந்தா என்னத்த விளங்கும்?

அம்மாக்கண்ணு: பேரின்பத்துக்குக் கல்யாணத்துக்கு முந்தியே பேரன் பொறந்திட்டான். அதுக்கே ரெண்டு நாளு சிரிச்சோம். பொறகு பக்கத்து நம்பரப் பாத்து அடுக்கி, சாக்குத் தைக்கிற ஊசியால தச்சு வச்சிருக்கோம். கொஞ்சம் நாறும்.

சூசைரட்ணம்: எத்தனை பேர் கேக்கிறீங்க?

அம்மாக்கண்ணு: நாலு லயம். ஞாயித்துக்கெழம துணி தொவைக்கிறப்போ.

சூசைரட்ணம்: நாலு லயமா! ...எந்த இடத்துல சிரிக்கிறீங்க?

அம்மாக்கண்ணு: பீலிக்கரையிலதாங்க. அங்கதானே தண்ணி விழுது.

சூசைரட்ணம்: அதில்லை. புத்தகத்துல எந்த இடத்துல?

அம்மாக்கண்ணு: இதுவும் விசாரணையில வருதுங்களா?

சூசைரட்ணம்: வரும். எல்லாத்தையும் பதியணும்.

அம்மாக்கண்ணு: பிரஜாவுரிம ஆபீசர் வர்ற எடம். 'நீ இந்த நாட்டுல பொறந்ததுக்கு அத்தாட்சி என்ன?'ன்னு கேக்கிறாரு. பேரின்பம் ஆத்தாள முதுகுல சொமந்துக்கிட்டு வந்து மேச மேல உக்கார வைக்கிறாரு. 'இவங்கதான் அத்தாட்சி'ங்கிறாரு. ஆபீசர் சொல்றாரு, 'கெழவிய பைல்ல போட முடியாது...'

சூசைரட்ணம்: '...அதோடு மூன்று பிரதி வேண்டும்.'

அம்மாக்கண்ணு: ஐயாவுக்கு எப்பிடித் தெரியும்?

சூசைரட்ணம்: ஆபீஸ்னா எதுக்கும் மூணு பிரதி கேப்பாங்க. ஊகம்தான்.

அம்மாக்கண்ணு: அத வாசிச்ச அன்னைக்கு எல்லாரும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறோம், திரும்பிப் பாத்தா சண்முகவடிவு அக்கா அழுவுறாங்க. அவங்க பிரஜாவுரிம கேட்டு எழுதின பாரத்த முடியாதுன்னு திருப்பி அனுப்பி ஒரு மாசம் ஆகல. எங்களுதும் அப்பிடித்தான் வந்திச்சு. அழுதுக்கிட்டே, 'இன்னொருக்கா வாசி'ங்கிறாங்க.

சூசைரட்ணம்: நொந்த இடத்துல எதுக்கு இன்னொரு தடவை?

அம்மாக்கண்ணு: அந்த ஆபீசர் எங்களக் கேட்டப்போ தலையக் குனிஞ்சுக்கிட்டுத் திரும்பி வந்தோமுங்க. நமக்குத்தான் புத்தியில்லன்னு நெனச்சோம். அதே கேள்விக்குப் பேரின்பம் பதில் சொன்ன பொறகுதான், கேள்வி எம்புட்டுக் கோணல்னு தெரிஞ்சிச்சு.

சூசைரட்ணம்: அவன் ஒரு முட்டாள்தானே? முட்டாளைப் பாத்துத்தானே சிரிக்கணும்?

அம்மாக்கண்ணு: முட்டாள்தான். ஆனா அவரு கும்புடக் கும்புட, கும்புடு வாங்குற ஆளுதான் முட்டாளாத் தெரியிறாரு. எழுதின மகராசன் யாரோ, அவருக்கு அந்த வித்த தெரிஞ்சிருக்கு.

சூசைரட்ணம்: ...மகராசனா?

அம்மாக்கண்ணு: பேரு தெரியாதுங்க. அட்ட வரல. அட்டையில என்னத்தக் கட்டினாங்களோ.

சூசைரட்ணம்: குறை ஒண்ணும் படலையா? இழுவையான இடம், சலிப்பான இடம்...

அம்மாக்கண்ணு: இருக்குங்க. ஏழாவது அத்தியாயத்துல. நெலாவப் பத்தி நாலு பக்கம். அத மட்டும் வச்சு அடுப்புப் பத்த வச்சிட்டோம்.

சூசைரட்ணம்: நாலு பக்கத்தையுமா?

அம்மாக்கண்ணு: நல்லா பத்திச்சு.

சூசைரட்ணம்: அது எவ்வளவு பாடுபட்டு... சரி. சரி. வேற?

அம்மாக்கண்ணு: எல்லாத்துலயும் ஒசத்தி அந்தக் கிளாக்கர்தான்.

சூசைரட்ணம்: எந்தக் கிளாக்கர்?

அம்மாக்கண்ணு: வர்ற பெட்டிசத்தையெல்லாம் கதிரையில போட்டு, மேல உக்காந்து அட காக்கிறாரே. 'இருபத்தொரு நாள் ஆச்சுங்களே, இன்னும் குஞ்சு பொரிக்கலையா?'ன்னு பேரின்பம் பணிவாக் கேப்பாரு. அங்கதான் லயமே உருளும். வாசிக்கிறப்போ எல்லாருக்கும் ஒருத்தர் ஞாபகம்...

சூசைரட்ணம்: அது ஒருத்தரையும் குறிச்சு எழுதினதில்லை! ...எழுதினதா இருக்காதுன்னு சொன்னேன். கதை எழுதுறவன் பொதுவாத்தான் எழுதுவான்.

அம்மாக்கண்ணு: நாங்களும் பொதுவாத்தாங்க சிரிச்சோம். ஐயா... எங்க மூணு பெட்டிசமும் எங்க?

சூசைரட்ணம்: தொரைக்கு நேரம் சரியில்லை. நல்ல சமயம் பாத்து...

அம்மாக்கண்ணு: மேசையிலயா, கதிரையிலயா?

சூசைரட்ணம்: மேசைக்கு உள்ளே, லாச்சியில.

அம்மாக்கண்ணு: மூணுமா?

சூசைரட்ணம்: மூணும். தொரைக்குப் பிடிக்காத தாளைக் கொண்டு போறவனையும் தொரைக்குப் பிடிக்காது, அம்மாக்கண்ணு. இருபது வருசமா நான் பிடிச்ச தாளாப் பாத்துத்தான் கொண்டு போறேன்.

அம்மாக்கண்ணு: அப்ப தொர அதப் பாக்கவே இல்ல. நாங்க அவரப் போட்டு ஏசிக்கிட்டிருந்தோம்.

சூசைரட்ணம்: பாக்கலை.

அம்மாக்கண்ணு: லெட்சுமி புள்ள மூணு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்திச்சுங்க. நெஞ்சுல சளி. மூச்சு விட்டா சத்தம் வெளிய கேக்கும்.

சூசைரட்ணம்: தெரியும். அவ வேலைக்கு வராத நாளையெல்லாம் செக்ரோல்ல குறிச்சதே நான்தான். ...மூணரை ஆகுது. பேரைச் சொல்லு. பீலிக்கரையில வாசிக்கிறது யார்? வாசிக்கிற ஆள்தான் எழுதியிருக்கணும்.

அம்மாக்கண்ணு: சொன்னா ஒரு குடும்பம் ரோட்டுல நிக்கும்.

சூசைரட்ணம்: சொல்லாட்டி உன் குடும்பம் நிக்கும். அதோட முடியாது. உனக்கு எழுத்துத் தெரியாது, எழுதிக் கொடுத்தது வாத்தியார்தான்னு தொரை தீர்மானமா இருக்கார். உன்னை அனுப்பினா அவரையும் சேத்துத்தான் அனுப்புவார்.

அம்மாக்கண்ணு: அவரு என்ன பண்ணினாரு? எனக்கும் எம் புள்ளைங்களுக்கும் ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்தத தவிர...

சூசைரட்ணம்: 'எனக்கும்'னா? சம்பளப் புத்தகத்துல உன் பேருக்கு நேரே எப்பவும் பெருவிரல்தானே இருக்கு?

அம்மாக்கண்ணு: கையெழுத்துப் போடுற பொம்பளைக்கு வாய் நீளம்னு கங்காணி சொல்லுவாரு. கொழுந்து இல்லாத தேயில நெரையாப் பாத்து நிறுத்துவாரு. அதான் வெரலோட இருந்துக்கிட்டேன். மூணாம் வகுப்பு வரைக்கும் படிச்சேங்க. பீலிக்கரையில வாசிக்கிறது நான். அந்தத் தாள எழுதினதும் நான். பேரின்பத்தப் பாத்து, புள்ளக்காம்பராவ மட்டும் உள்ள வச்சு எழுதினேன். வாத்தியார விட்டுடுங்க. எம் பேரப் போட்டுக்குங்க.

சூசைரட்ணம்: 'சேற்றுக்கும் தெண்டனிட்டு'ன்னு இருக்கு. புத்தகத்துல சேறு கிடையாது. 'தூசிக்கும்'.

அம்மாக்கண்ணு: இந்த மலையில தூசி ஏதுங்க? தொர சப்பாத்துல சேறுதான் இருக்கு. இருக்கிறத எழுதினேன்.

சூசைரட்ணம்: ...தூசியை விடச் சேறு நல்லா ஒட்டுது.

அம்மாக்கண்ணு: ஐயா அந்தப் புத்தகத்த வாசிச்சிருக்கீங்க.

சூசைரட்ணம்: பேசாதே. எழுதிக்கிட்டிருக்கேன்.

அம்மாக்கண்ணு: எம் பேருக்கு இம்புட்டு நீளங்களா? தாளே ரொம்பிடிச்சு. இங்கிலீசு எனக்குத் தெரியாதுங்க. என்ன எழுதினீங்கன்னு சொல்லிட்டாவது அனுப்புங்க. ஊட்டுக்காரர்ட்ட போயி மூட்ட கட்டச் சொல்லணும்.

சூசைரட்ணம்: கட்ட வேணாம். கேளு. 'பிள்ளைக்காம்பராக் கூரையைப் பற்றித் தாய்மார் முன்னர் தந்த மூன்று விண்ணப்பங்களையும் இத்துடன் இணைக்கிறேன். அவற்றைத் தங்களுக்குக் காட்டாதிருந்த தவறு என்னுடையது. நாலாவதை எழுதியவர் யார் எனக் கேட்டிருந்தீர்கள். அதில் பிள்ளைக்காம்பராவும் சேறும் மட்டுமே தாய்மாருக்கு உரியவை. மற்ற வசனம் முழுவதும், இரண்டு மழைக்காலம் இதே மேசையில் உட்கார்ந்து, ஒருவருக்கும் தெரியாமல் நான் எழுதிய புத்தகத்தில் உள்ளது. ஒப்பம், சூசைரட்ணம், பெரிய கிளாக்கர்.'