பிரெண்டர்காஸ்ட் சேற்றில் நின்றபோது நான் போன இடம்

அயர்லாந்து, ரோஸ்காமன் மாவட்டம், கில்டஃபி ஊர், சந்தைத் தெருவில் வசிக்கும் கிறிஸ்டி மல்விஹில் என்பவரின் மனைவி அட்ராக்டா மல்விஹில், வயது 56, ஆகிய நான், கில்டஃபி காவல் நிலைய சார்ஜென்ட் கேட்கச் சொல்லிய வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் பெண்களுக்கான முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறேன். என் தங்கை கன்செப்டா, வயது 51, திருமணமாகாதவர், என்னுடன் வேலை செய்கிறார். குதிரைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பெயர் பிடித்திருந்தால் பணம் கட்டுவேன்.

15.01.1987 வியாழக்கிழமை பகல், தடை தாண்டும் பந்தயம் பார்க்க நானும் தங்கையும் கில்டஃபி மைதானத்துக்குப் போனோம். கிறிஸ்துமஸுக்கு முன்பு பிடித்த மழை அதுவரை விடவில்லை. ஆனாலும் காலை வானொலியில் தரை "இளக்கம்" என்றுதான் சொன்னார்கள். இளக்கம் என்றால் குதிரை ஓடும், "கனம்" என்றால் குதிரை உழும். அந்த அளவு எனக்கும் தெரியும். காரைப் பின்பக்கச் சந்தில் விட்டுவிட்டு, ஓடுபாதை ஓரமாகவே நடந்தோம். அப்போது கடைசித் தடைக்கு முந்திய தடையின் அருகே, தரையைச் சோதித்து அறிவிக்கும் மைதான அதிகாரி திரு. டெஸ்மண்ட் பிரெண்டர்காஸ்ட் தனியாக நிற்பதைக் கண்டோம். வழக்கமாக அவர் என்னைவிட உயரம். அன்று இல்லை.

"என்ன சார், இங்கயே நின்னுட்டீங்க?" என்று கேட்டேன்.

"நிக்கல. போயிட்டிருக்கேன். கீழ," என்றார்.

டிராக்டர் கொண்டுவரச் சொல்கிறேன் என்றதற்கு அவர் பதறினார். "வேணாங்க. டிராக்டர் வந்தா ஊரே வரும். இளக்கம்னு வானொலில சொன்னது நான்தான். ஒரு கால் மணி நேரம் குடுங்க, என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கறேன்."

அதன் பின்பு அவர் தம்மைச் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இன்னிக்கு இந்தத் தரையில முழுசா வீடு வந்து சேர்ற குதிரை ஒண்ணே ஒண்ணுதான். பெர்னி அத்தை," என்றார். அந்தக் கிழட்டுக் குதிரையா என்று கேட்டேன். "கிழடுதான். ஆனா உழவு மாடு மாதிரி. நிக்கவும் நிக்காது, ஓடவும் ஓடாது," என்றார். பணம் கட்டச் சொன்னாரா என்று கேட்கப்படுவதால் சொல்கிறேன்: சொல்லவில்லை. தரையைப் பற்றி மட்டும்தான் பேசினார். அதற்குள் இருந்தவர் அவர்தான். என்னிடம் பணம் கொடுத்தாரா என்றால், அவர் சட்டைப்பை எனக்குத் தெரிந்தது, கால்சட்டைப்பை அப்போது மண்ணுக்குக் கீழே இருந்தது.

அவர் யோசிக்கக் கால் மணி நேரம் கேட்டார். அதுவரை நான் சும்மா நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. துணைக்குத் தங்கையை விட்டுவிட்டுப் புறப்பட்டேன். நான் ஓடியதைப் பார்த்ததாகச் சாட்சிகள் சொல்வது உண்மை. டிராக்டர் இருந்த பக்கம் ஓடவில்லை என்பதும் உண்மை.

அதன் பின்பு பந்தயப் பணம் வாங்கும் புக்கி ஃபெஸ்டஸ் குவில்டியிடம் போய், பெர்னி அத்தை மேல் இருபது பவுண்டு கட்டினேன். அவர் பலகையில் ஒன்றுக்கு இருபத்தைந்து என்று எழுதியிருந்தது. "அத்தைக்கா? தாராளமா கட்டுங்க. மீதி இருந்தா அத்தைக்கு ஒரு ஊன்றுகோலும் வாங்கிக் குடுங்க," என்று பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். என் பூட்ஸைப் பார்த்து, "எங்கம்மா விழுந்தீங்க?" என்றார். கார் நிறுத்தும் இடத்தில் என்றேன். இந்த ஒன்று பொய். திருத்திக்கொள்கிறேன்.

அதன் பின்பு தடைகளைச் சரிசெய்யும் ஆட்களிடம் சொல்லி டிராக்டரில் ஏறி வந்தேன். வந்து பார்த்தால் என் தங்கையும் சேற்றில் நின்றிருந்தாள். அவருக்கு முட்டை சாண்ட்விச் கொடுக்கக் கிட்டே போனாளாம். ஒரே குடைக்கடியில் இருவரும் ஆளுக்குப் பாதி தின்றுகொண்டிருந்தார்கள். மனைவி இறந்த பிறகு அவர் சிரித்து ஊரில் யாரும் கண்டதில்லை. அன்று பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவரை முதல்ல இழுங்க, பாவம், ரொம்ப நேரமா நிக்கறாரு," என்றாள் தங்கை.

"சே சே, அவங்கள முதல்ல எடுங்க. எனக்கு இது பழகிடுச்சு," என்றார் அவர்.

"ரெண்டு பேரும் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க, என் வண்டி இறங்குது," என்றார் டிராக்டர்காரர்.

தங்கை முதலில் வந்தாள். அவர் வந்தார், அவருடைய பூட்ஸ் வரவில்லை. அதன் பின்பு அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒலிபெருக்கியில், "தரை கனம். காலையில் நான் சொன்னது தவறு. நானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன்," என்று அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. குவில்டி தம் பலகையில் இருபத்தைந்தை அழித்து நான்கு என்று எழுதினார். எழுதும்போது என் பூட்ஸையே பார்த்தார்.

பந்தயத்தில் ஒன்பது குதிரைகள் புறப்பட்டன. அந்தச் சேற்றுத் தடையை மட்டும் கொடி நட்டு விலக்கிவிட்டார்கள். இரண்டாவது சுற்றில் சில விழுந்தன, சிலவற்றை ஓட்டிகளே பரிதாபப்பட்டு நிறுத்தினார்கள். கடைசித் தடைக்கு இரண்டு வந்தன. முன்னால் வந்த குதிரை தடையைப் பார்த்தது, யோசித்தது, திரும்பிக்கொண்டது. பெர்னி அத்தை பின்னால் மெதுவாக வந்து, வீட்டு வாசற்படி ஏறுவதுபோல் அதைக் கடந்து, நடந்தே முடிவுக் கம்பத்தைத் தாண்டியது. நான் யாரையோ கட்டிப்பிடித்தேன். அது பாதிரியார் என்று பிறகு தெரிந்தது.

அதன் பின்பு சீட்டை நீட்டினேன். குவில்டி வாங்கவில்லை. "அந்தாள நீங்கதான் சேத்துல நிறுத்தி வச்சீங்க. இது குடும்பச் சதி. உங்க தங்கச்சியும் அவரும் ஒரே குடையில இருந்தத ஊரே பாத்துச்சு," என்று கத்தினார். "சேத்துல மாட்டினவருக்குக் குடை பிடிச்சா சதியாய்யா?" என்று நானும் கத்தினேன். அதன் மேல்தான் அவர் இங்கு வந்து புகார் கொடுத்திருக்கிறார். இதனால் திரு. பிரெண்டர்காஸ்டின் வேலைக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டேன். தரையை அவர் தவறாகச் சொன்னார், உண்மைதான். ஆனால் அதற்கு அவரைவிட ஆழமாக யாரும் வருந்தியிருக்க முடியாது.

குடும்பச் சதி என்பது பற்றிக் குறிப்பாகக் கேட்கப்படுவதால் சொல்கிறேன். நான் பணம் கட்டிய நேரத்தில் திரு. பிரெண்டர்காஸ்ட் எனக்கு எவ்வித உறவும் அல்ல. இந்த வாக்குமூலம் கொடுக்கும் பிப்ரவரி 9-ஆம் தேதி மாலை வரையிலும் அல்ல. ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை காலை பதினொரு மணி முதல் அவர் என் தங்கையின் கணவர். அழைப்பிதழ் ஒன்றை சார்ஜென்ட்டிடம் கொடுத்திருக்கிறேன், இன்னொன்றை குவில்டிக்கும் அனுப்பியிருக்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) அட்ராக்டா மல்விஹில்