மேகலா திருத்திய கை

மன்றத் தலைவர் வெங்கடப்பன் ஐயா அவர்களே, மறைந்த ஓவியரின் கணவர் மணிகண்டன் அவர்களே, முதல் ஷிப்டு முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் மூக்கண்டப்பள்ளியிலிருந்தும் சூளகிரியிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

ஓவியர் மேகலா அவர்கள் கடந்த மாதம் பதினெட்டாம் தேதி மாரடைப்பால் காலமானார். வயது ஐம்பத்தொன்பது. என் பெயர் கமலக்கண்ணன். நானும் ஓவியன்தான், இருபத்திரண்டு ஆண்டுகள் அவரோடு இந்தத் தொழிலாளர் கலை மன்றத்தில் இருந்தவன். அவரைப் புகழ்ந்துவிட்டு இறங்குவது எனக்கு எளிது. ஆனால் இங்கே ஒரு தவற்றை ஒப்புக்கொள்ளவும் வந்திருக்கிறேன். அந்தத் தவறு என்னுடையது.

மேகலா அவர்கள் பிறந்தது காவேரிப்பட்டினம். அவருடைய தாயார் மாம்பழக்கூழ் ஆலையில் பழம் நறுக்கினார். மாம்பால் பட்டு விரலெல்லாம் புண்ணாகும். அந்தக் கைகளைத்தான் மேகலா முதன்முதலில் வரைந்தார். திருமணத்துக்குப் பிறகு ஓசூர் வந்தார். பள்ளிச் சுவர்கள், கல்யாண மண்டபங்கள், வீடுகளுக்கு உருவப்படங்கள் என்று தொடங்கி, பெங்களூருவில் கண்காட்சி வைக்கும் அளவுக்கு வளர்ந்தார். முப்பது ஆண்டுகள் ஓவியம் ஒன்றையே தொழிலாகச் செய்தார்.

அந்தக் கண்காட்சியில் ஒருவர் கேட்டார், "மேடம், இன்ஸ்பிரேஷன் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பீங்களா?" மேகலா சொன்னார்: "நான் ஏழேகால் பஸ்ஸுக்குத்தாங்க காத்துக்கிட்டு இருப்பேன்."

அது உண்மை. தினமும் அந்தப் பஸ்ஸில் சூளகிரி வரை போவார், அதே பஸ்ஸில் திரும்புவார். வேலைக்குப் போகிறவர்களை வரைவார். ஒன்பதரைக்குத் தூரிகையை எடுத்தால் கைப்பேசி அரிசி டிரம்முக்குள் போய்விடும். அவரிடம் பேச வேண்டுமென்றால் மணிகண்டன் அவர்களின் எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும். எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்! அவரும் சலிக்காமல், "வரைஞ்சிட்டு இருக்குதுங்க, ரெண்டு மணிக்கு மேல பண்ணுங்க" என்பார்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், இங்குள்ள ஒரு தொழிற்சாலை தன் கேண்டீன் சுவருக்கு ஓவியம் கேட்டது. மேகலா அங்கேயே மூன்று வாரம் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தை இருபதடி நீளத்துக்கு வரைந்தார். எல்லோரும் அங்கே வேலை செய்யும் பெண்கள். நடுவில் இருந்தவர் ராசாத்தி. பிரஸ் மெஷினில் இடது கையின் இரண்டு விரல்களை இழந்தவர். மேகலா அந்தக் கையை உள்ளபடியே, மேசைமேல் வைத்த கையாக வரைந்தார்.

மேலாளர் வந்து பார்த்தார். "திறப்பு விழாவுக்கு கஸ்டமர்ஸ் வர்றாங்க மேடம். அந்தக் கையை மட்டும் சரி பண்ணிடுங்க."

மேகலா சொன்னார்: "கை சரியாத்தாங்க இருக்குது. உங்க மெஷினு எடுத்ததை நான் எப்படிங்க திருப்பி வைக்கிறது?"

செய்தி ஒரே நாளில் ஓசூர் முழுக்கப் பரவியது. இதே மன்றத்தில் நாங்கள் கைதட்டினோம். எங்கள் தொழிற்சங்க அரங்கத்தின் சுவரையும் வரைய அவருக்கே தருவதாக முடிவு செய்தோம்.

திறப்பு விழாவுக்குப் போய்ப் பார்த்தால், படத்தில் அந்தக் கை சீருடைக் கோட்டின் பைக்குள் இருந்தது! மேலாளர் சிரித்தபடி மேகலாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்து, "மேகலா மேடம் கம்பெனிக்கு வளைஞ்சு குடுத்துட்டாங்க" என்று பேசினேன். அவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "வரைஞ்சது நானு. பதிலும் என்கிட்டயே இருக்கட்டும்." அரங்கத்தின் சுவரை நாங்கள் வேறொருவருக்குக் கொடுத்தோம். அவர் கேட்கவில்லை. கடைசி வரை என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசினார்.

நடந்தது என்ன? அடக்கம் முடிந்த மறுநாள் ராசாத்தி அவர்கள்தான் என்னிடம் சொன்னார். இதோ, இந்த அரங்கில்தான் இருக்கிறார். அவர் அனுமதியோடு சொல்கிறேன்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன் ராசாத்தி மேகலாவின் வீட்டுக்குப் போயிருக்கிறார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"யாரைக் கேட்டுக்கா என் கையை வரைஞ்சீங்க?"

"உள்ளதைத்தானே ராசாத்தி வரைஞ்சேன்?"

"உள்ளதுதான். ஆனா அது என் கைக்கா. நான் அதைப் பையில வச்சுக்கிட்டுத்தான் பஸ்ல போறேன், சாப்பிடுறேன். கோவில்பட்டியில இருக்கிற எங்க அம்மாவுக்கே இன்னும் தெரியாது. இனிமே சோறு திங்க வர்றவங்க எல்லாரும் அதைத்தான் பார்ப்பாங்க. மேனேஜர் கேட்டாரு, முடியாதுன்னீங்க. சந்தோசம். நான் கேட்டா?"

மேகலாவும் எழுந்து நின்றாராம். பிறகு, "முழு விரலா வரையட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

"பொய்யும் வேணாம்க்கா. நான் எப்படி வச்சிருப்பேனோ அப்படியே வரைங்க."

மறுநாள் காலை ஏழேகால் பஸ்ஸில் மேகலா ஏறவில்லை. நேராகக் கேண்டீனுக்குப் போய்க் கையைப் பைக்குள் வைத்தார்.

"எல்லாரும் கேட்டா என்னக்கா சொல்லுவீங்க?" என்று ராசாத்தி பயந்து கேட்டபோது அவர் சொன்ன பதில்: "ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொன்னா உன் கை கதைதானே ஊரெல்லாம் போவும்?"

ஒன்பது ஆண்டுகள்! எங்கள் ஏச்சைக் கேட்டார். எங்கள் முதுகைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. சென்ற ஆண்டுதான் ராசாத்தி தன் தாயாரிடம் தானே சொல்லியிருக்கிறார். "இனிமே நீங்க மைக்குல சொல்லலாம் அண்ணே. அக்கா பேரு கெட்டே கிடக்கக் கூடாது" என்று அன்று என்னிடம் சொன்னார். அதனால்தான் இன்று பேசுகிறேன்.

மேலாளரிடம் மறுத்தவர் யார்? மேகலா. ராசாத்தியிடம் இணங்கியவர் யார்? அதே மேகலா. இரண்டுக்கும் எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நானோ சுவரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன். ஏன் என்று அவர் வீட்டுக்குப் போய் ஒரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மணிகண்டன் அவர்களே, உங்கள் துணைவியாரை இந்த மன்றத்தில் அவமதித்தேன். இந்த மன்றத்திலேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

நண்பர்களே, மன்றத்தின் சார்பில் ஓர் உறுதி கூற வேண்டும். மேகலா அவர்களின் பீரோவில் முந்நூற்றுப் பதினாறு தாள்கள் இருக்கின்றன. எல்லாம் உங்கள் முகங்கள், உங்கள் கைகள். அவற்றைக் கண்காட்சியாக வைக்கப் பெங்களூருவிலிருந்து கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான தாள்களின் பின்புறம் வரையப்பட்டவரின் பெயரும், அவரைக் கேட்டு "காட்டலாம்" என்றோ "வேண்டாம்" என்றோ ஒரு சொல்லும் எழுதி வைத்திருக்கிறார். தொண்ணூற்று நான்கு தாள்களில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. கேட்பதற்குள் போய்விட்டார். அந்த வேலையை இனி நாங்கள் செய்வோம். ஒவ்வொருவரையும் நேரில் தேடி வருவோம்.

அந்தத் தொண்ணூற்று நான்கு பெயர்களும் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன. போகும்போது பாருங்கள். காட்டலாம் என்று நீங்கள் சொன்னால் காட்டுவோம். வேண்டாம் என்றால் அந்தத் தாளை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம். காரணம் கேட்க மாட்டோம்.